நாடா கட்டிய மைக்ரோஸ்கோப்

நங்கோபி, உன் தம்பி தென்வா படுத்த படுக்கையாய்க் கிடப்பதற்கு, வெளிநாடு போன நம் ஊர்க்காரர்கள் நடத்தும் உங்கள் சங்கம் கட்டச் சொன்ன சிவப்பு நாடாதான் காரணம். மற்றபடி நாங்கள் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். போன் செய்தால் டூட்டியில் இருக்கிறேன், பிறகு பேசலாம் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

சதுப்புக் காட்டோரம் மாடு மேய்க்கப் போனவனுக்குக் கழுத்தில் ஈ கடித்த இடம் வீங்கியது. பிறகு காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. மலேரியா மாத்திரை முழுவதும் தின்றும் தணியவில்லை. பகலில் வள்ளிக்கிழங்கை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறான், இரவில் எழுந்து உட்கார்ந்து, விற்றுப்போன மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். புது மாப்பிள்ளையா இருந்தப்ப இப்படித் தூங்கலியே என்று கேலி செய்த அவன் பெண்டாட்டி இப்போது கிழங்கு தொண்டையில் சிக்காமல் அவன் வாயிலிருந்து தோண்டி எடுக்கிறாள்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் இசபிர்யே, இது அந்த ஈ கடிச்சு வர்ற தூக்க நோய் மாதிரிதாம்மா இருக்கு, ஆனா ரத்தத்துல கிருமி நெளியறதக் கண்ணால பாக்கணும், பாக்காம அந்த மருந்தக் குடுக்க மாட்டாங்க, மருந்தே ஆளைச் சாய்ச்சிடும் என்றான். எதில் பார்ப்பது? ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பழைய மைக்ரோஸ்கோப்பை, உங்கள் சங்கம் புதிது அனுப்பிய பெருமையில் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். ரத்தத்தை மோட்டார் சைக்கிளில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெயிலில் போய்ச் சேருவதற்குள் கிருமி செத்திருக்கும், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, கார் வராது, மோட்டார் சைக்கிளில் அவனால் உட்கார முடியாது. இங்கேயே கிருமியைக் கண்டு சொன்னால் மருந்தோடு ஆள் வரும் என்கிறார்கள்.

புதியது பூட்டிய அறையில் நாடாவோடு இருக்கிறது. சாவி ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் பலிகோவாவிடம். போய்க் கேட்டேன். கத்தாத அம்மா, உம் பொண்ணுதான் சங்கத்துச் செயலாளர், கிறிஸ்துமஸுக்கு நாங்க வந்து நாடா வெட்டி போட்டோ புடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அதுதான் சொல்லிச்சு, இப்பத் தொறந்துட்டா அடுத்த வருசம் ஜெனரேட்டர் குடுப்பாங்களா என்றார். அப்ப நாடாவுக்கு முன்னால எம் மவன் பொணத்தக் கிடத்தி போட்டோ புடிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். உதவி செய்கிறவர்களுக்கு வசதிப்படும் நாள்வரை ஏழைக்கு நோய் வரக்கூடாது, அப்படித்தானே? பூட்டை உடைக்க இசபிர்யேவுக்கும் பயம், வேலை போய்விடும்.

இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றிக்கொள், வெறும் டீ குடித்துவிட்டு ஓடாதே. நீ தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், கடவுள் உன்னோடு இருக்கட்டும். பலிகோவாவுக்குப் போன் செய், மறக்காதே.

உன் அம்மா,
நைகாகா

காலையில் அனுப்பிய படத்துக்குக் கீழே இரண்டு குறியும் நீலமாகிவிட்டன. நீ படித்துவிட்டாய். இசபிர்யே ரத்தம் எடுக்கும் ஊசியோடு அந்தப் பூட்டிய அறைக் கதவருகில் நிற்கிறான், தென்வாவைப் பாயோடு தூக்கி வந்து வாசலில் கிடத்தியிருக்கிறோம். நாடாவை வெட்டச் சொல், நங்கோபி.