பார்சலுக்கு வைத்த கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரிப் பலகையில் "எதிர்வரும் நிகழ்வுகள்" ஒட்டியிருக்கிறார்கள். 14ஆம் திகதி மக்கள் கலந்துரையாடல். ஜூலையில் கொள்கை மன்றம். ஒக்டோபரில் பின்னாய்வு. பொதுக் கொள்கையும் திட்டமிடலும் படிக்கும் எங்களுக்கு மூன்றுக்கும் புள்ளி உண்டு.

கலந்துரையாடல் எங்கள் சந்தியில். திட்டமிடல் அலுவலகத்துக்குச் சீகிரியா போகும் சுற்றுலா பஸ்களுக்குத் தரிப்பிடம் வேண்டுமாம். அந்த இடத்தில் இருபத்து மூன்று பேர் மரக்கறியும் பழமும் விற்கிறார்கள். ஒருவர் என் வாப்பா.

பொறுப்பு மாணவி நான். "உங்கட ஊர்தானே பிள்ளை, ஆக்களைக் கூட்டிறது லேசு" என்றார் விரிவுரையாளர் வாகினி மிஸ்.

ஜூன் 14, சனி

இருபத்து மூன்று பேரும் வந்தார்கள். இருபத்து மூன்று பேரும் வேண்டாம் என்றார்கள். கடைகளை மாற்றவென்று பின்னால் கட்டியிருக்கும் மேல்மாடிக்குப் பப்பாசி வாங்க எவரும் ஏறமாட்டார்கள் என்று வாப்பா எழும்பி நின்று சொன்னார். வாழைப்பழக்கடை ஹுஸ்னி நாநா அலுவலக அதிகாரியைப் பார்த்து, "மாத்தயா, நீங்க வாழப்பழம் வாங்க என்னைக்காவது மாடி ஏறி ஈக்கிறீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு சோற்றுப் பார்சல். அலுவலகம் தந்தது. எண்ணிக்கை பிசகக் கூடாதென்று வெறுந்தாளில் கோடு போட்டு எல்லோரிடமும் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து வாங்கி அலுவலகத்தாரிடம் கொடுத்தேன். எந்தக் கூட்டத்திலும் செய்வதுதான். தலைப்புப் போடவில்லை.

ஜூலை 9, புதன்

கொள்கை மன்றம். திரையில் அலுவலகத்தின் அறிக்கை. "இணக்கம் தெரிவித்தோர்: 23." இணைப்பாக என் தாள். மேலே "இணக்கப் பட்டியல்" என்று ஒரு தலைப்பை யாரோ தட்டச்சுச் செய்து சேர்த்திருக்கிறார்கள்.

அது சோற்றுக்கு வைத்த கையெழுத்து!

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை?

ஜூலை 11, வெள்ளி

வாகினி மிஸ்ஸிடம் சொன்னேன். "எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா தலைப்பில்லாத தாளை ஏன் குடுத்தனீங்கள்?" வியாபாரிகளே எழுத்தில் மறுத்தால் அலுவலகம் முடிவைத் திருப்பிப் பார்க்குமாம்.

ஜூலை 12, சனி

மறுப்புக் கடிதத்தோடு கடை கடையாகப் போனேன். தலைப்பைப் பெரிதாகப் போட்டிருந்தேன். வாசித்தும் காட்டினேன். ஒருவரும் பேனையைத் தொடவில்லை.

"பிளான் நோனா திரும்ப வந்தீக்கிறா. இந்த முற பிரியாணியா?" என்றார் ஹுஸ்னி நாநா, என்னைக் காட்டி. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக வாப்பா. "நீ சொல்லித்தானே மகள் அண்டைக்கு வச்சோம். இனி ஒண்டுலயும் சைன் வைக்க ஏலா. ஒன் மேல கோவமில்ல."

கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஓகஸ்ட் 20, புதன்

சந்திக் கடைகளை இடித்துவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம்.

செப்டெம்பர் 5, வெள்ளி

"பங்கேற்பு" பற்றிப் பரீட்சை. ஆறு பக்கம் எழுதினேன். கேட்பவன் முன்பே முடிவெடுத்துவிட்டு வருகிறான். எங்களைப் போன்ற படித்த முட்டாள்கள் நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். இதை எழுதவில்லை. எழுதியிருந்தால் சித்தியடைய முடியாது — அவ்வளவுதான் என் நேர்மை.

ஒக்டோபர் 18, சனி

பின்னாய்வு. வினாக்கொத்துகளோடு நாலு மாணவர் மேல்மாடிக்கு ஏறினோம். எங்களைத் தவிர வேறு எவரும் ஏறி வரவில்லை.

ஹுஸ்னி நாநாவிடம் கேட்டவை பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டுக்கும் "நல்லம்". ஒரு பகிடிகூட இல்லை. அடுத்த கடையிலும் நல்லம். அதற்கடுத்ததிலும்.

பதினோராம் கடை எனக்கு வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"புதிய இடம் எப்படி?"

"நல்லம்."

"வியாபாரம்?"

மூலையில் பப்பாசிகள் கறுத்து அமுங்கிக் கிடந்தன.

"நல்லம்."

"வாப்பா, கேக்கிறது நான்."

"தெரியும். எழுதுங்க மிஸ்."

எழுதினேன்.