சகலை வண்டியின் சைலன்சர்

மார்ச் 3, செவ்வாய்

முழங்கால் வைத்தியத்துக்கு என் மனைவியை வண்டியில் அழைத்துப் போய் வந்தேன். இறங்கியதும் சேலைக் கரையைத் தூக்கிக் காட்டினாள். சைலன்சர் கரி, கை அகலத்துக்கு.

"அத்தான் வண்டியப் பாருங்க. சைலன்சர்ல முகம் பாத்துத் தலை சீவலாம். அடுத்த செவ்வாய் அவர்கூடவே போயிக்கிறேன். கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

அத்தான் என்பது அவள் அக்காள் கணவர், என் சகலை. அடுத்த தெருவில்தான் வீடு. இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி வண்டிகள். இருபத்தாறு வருடம். அவருடையது மட்டும் ஏன் நேற்று வாங்கியது போல் இருக்கிறது?

இவள் என் தோளைப் பிடித்துத்தான் ஏறுவாள். அடுத்த வாரம் அவர் தோளைப் பிடிப்பாள். எழுபத்தொரு வயதில் இதையெல்லாம் எழுதுகிறேனே. வெட்கம்.

மார்ச் 4

செய்தித்தாள் கேட்கிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி. சைலன்சரில் என் முகம் தெரிந்தது, அசடு வழிந்தபடி. கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டேன் (எதற்கு?): 48,216.

"எப்படி சகலை இவ்ளோ பளபளப்பு?"

"மனசு வெக்கணும் சகலை" என்று சிரித்தார்.

வீடு வரும்வரை வயிறு எரிந்தது.

மார்ச் 6, வெள்ளி

படிப்படியாகச் செய்தேன். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, சைலன்சரில் உருகி ஒட்டியிருந்த இவள் செருப்பு ரப்பரை மரக்கரண்டியால் சுரண்டினேன். நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் கரியைத் துடைத்தேன். வளைவில் இருக்கும் நீலம் மட்டும் போகவில்லை. சூட்டில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தெரியாதா? பாலிஷ் போட்டுப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் சகலையின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தேன்.

மார்ச் 7

நீலம் போய்விட்டது. குரோம் முலாமும் போய்விட்டது. பூனை பிராண்டியது போல் கீறல்.

மரக்கரண்டி எங்கே என்று தேடுகிறாள். தெரியாது என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும் அங்கே போனேன். சகலை குந்தி உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளித்தான் நின்றேன்.

"யாரு?" என்றார்.

"நான்தான்."

"வெயில் கண்ணுல அடிக்குது சகலை. இப்பத்தான் மார்க்கெட் போயிட்டு வந்தேன். வண்டி சும்மா பறக்குது."

வெயில் அவர் முதுகுப்பக்கம் இருந்தது.

அவர் துணி அலசப் போனபோது சைலன்சரைத் தொட்டேன். பானைத் தண்ணீர் போல் சில்லென்று இருந்தது. மீட்டர்: 48,216.

வண்டி ஓடவேயில்லை! சூடே ஏறாத குழாயில் நீலம் எங்கிருந்து வரும்?

சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். ஓடிப்போய் இவளிடம் சொல்லிவிட வேண்டும் — பாதித் தெருவில்தான் உறைத்தது. பத்தடியில் நின்ற என்னையே தெரியாத இந்தக் கண்ணோடு செவ்வாய்க்கிழமை இவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாரே. முடியாது என்று சொல்கிற ஆளா அவர்?

மார்ச் 9

சொல்லவில்லை. சொன்னால் அக்காளுக்குப் போகும், பிறகு ஊருக்கே தெரியும். சொல்லாவிட்டால்? பயந்தாங்கொள்ளி, என்னதான் செய்யப்போகிறாய்?

மாலை சகலையிடம் போய்த் தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "என் சைலன்சரத் தேய்ச்சே கெடுத்துட்டேன். அவ அதுல ஏறமாட்டா. நாளைக்கு உங்க வண்டியக் குடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். என் மானத்தக் காப்பாத்துங்க."

சிறிது நேரம் என்னைப் பார்த்தார், அல்லது நான் நின்ற திசையை. "வாத்தியார் வேலையக் காட்டிட்டீங்களா!" என்று சிரித்தார். சாவி அவர் சட்டைப்பையிலேயே தயாராக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

பதினோரு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. நல்லபடியாகப் போய் வந்தோம். வழி நெடுக என் தோளைப் பிடித்திருந்தாள். "அத்தான் வண்டி அத்தான் வண்டிதான்" என்றாள். இப்போதும் வயிறு எரிகிறது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடும்போது சைலன்சர் வளைவில் வைக்கோல் மஞ்சளில் மெல்லிய வளையம். பதறிப்போய்த் துணியை எடுத்தேன். சகலை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இருக்கட்டும் சகலை. துடைக்காதீங்க. ஓடுற வண்டின்னு தெரியட்டும். அடுத்த வாரமும் எடுத்துட்டுப் போங்க."

மார்ச் 17, செவ்வாய்

மீட்டர்: 48,240. வளையம் பழுப்புக்கு வந்திருக்கிறது.

"இன்னும் நீலம் வரலியா?" என்று கேட்டார் சகலை.

வந்துடும் என்றேன்.