ஒரு முகாம் குறைகிறது

அண்ணே, உன்னை வெட்டிய நாலு பேரும் ஜாமீனில் வெளியே வந்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறார்கள். உனக்குப் பதக்கம் கிடையாது என்ற கடிதம் இன்று காலை வந்தது. வேண்டிய முகாம்களில் ஒன்று குறைகிறதாம்.

பிராந்திய ராணுவம் என்றால் மில்லில் எவனுக்கும் விளங்காது. வருடத்தில் பெரும்பகுதி எங்களோடு பஞ்சுத் தூசியைத் தின்றாய். அழைப்பு வந்தால் முகாமுக்குப் போய்ப் பட்டாளத்துக்காரன் ஆவாய். விடுவித்து அனுப்புவதற்கு அவர்கள் வைத்த பெயர் டிஸ்எம்பாடி. திரும்பி வந்ததும் சிரிப்பாய். "ஒடம்பு இல்லாதவன்னு அர்த்தம்லே. பேய் வந்திருக்கேன், டீ சொல்லு."

அந்தக் கடைசி முகாமை முடித்தால் பதக்கத்துக்குத் தகுதி வந்துவிடும். சீருடையில் கிளம்பினாய். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் விட நான்தான் வண்டி ஓட்டினேன். கண்மாய்க்கரையில் அந்த நாலு பேரும் மறித்தார்கள். நம் தெருக்காரன் அந்த உடுப்போடு அவர்கள் தெருவைத் தாண்டிவிட்டானாம்.

"எவன்லே ஒனக்கு இந்தச் சட்டையக் குடுத்தது?"

"கவர்மென்டு குடுத்தது. வழிய விடு, ரயிலுக்கு நேரமாச்சு."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. தடுக்கப் போன கையில் இரண்டு விரல்கள் தொங்கின. பிறகு கழுத்து. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணே, ஓடினேன். நீ என் பெயரைச் சொல்லிக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது அதையும் சொல்வேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கார அக்காவோடு, பதக்கம் கேட்டு மனு கொடுத்த அலுவலகத்துக்கு வந்தேன். உன் சட்டையில் அந்தப் பதக்கத்தைக் குத்தி, கையில் ஏந்தி, அந்தத் தெரு வழியாகவே நடக்க வேண்டும் என்று அக்கா உறுதியாக இருக்கிறாள்.

கிளார்க் பொறுமையாகத்தான் சொன்னார். "முகாமுல போயி ஆஜர் ஆனாத்தாம்மா சர்வீஸ். வழியில வெட்டுப்பட்டா கணக்குல வராது. அன்னைக்கு அவர் சிவிலியன்."

"வெட்டுனவனுக்கு அவிய பட்டாளத்தாளு. ஒங்களுக்கு மட்டும் சிவிலியனா?"

அவர் கோப்பைக் கட்டினார். அக்கா அதன்மேல் கையை வைத்தாள்.

"அப்போ அந்தச் சட்டைக்குள்ள செத்தது யாருன்னு இந்தத் தாள்ல எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.