யார் கிளம்புவது

அன்பு மகளுக்கு,

உன் கணவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று நீதிமன்றம் இன்று உத்தரவிட்டது. உன் வக்கீல் போனில் சொன்னார். அடிபட்டு நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனை விடமாட்டார்களாம். எழுதி நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் நானும் உன் அண்ணனும் வேனோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றோம்.

"எதுக்குப்பா வேன்?"

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தாம்மா."

"இது என் வீடும்தானே? அடிச்சவரு உட்காந்திருப்பாரு, அடி வாங்கினவ கிளம்பணுமா? அவர் சாமானை ஏத்துங்க."

அண்ணன் சிரித்துவிட்டான். சட்டம் உன் பக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. கோபித்துக்கொண்டு காலி வேனில் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் சாவியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நீ எப்போது வீடு திரும்பலாம் என்பதை, திங்கட்கிழமை ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டர் சொல்வார். எந்த வீட்டுக்கு என்று கேட்கமாட்டேன்; உன் வீட்டுக்குத்தான்.

உன் அப்பா