இறக்கி வைக்காத ஜாக்கி

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை. நலமாகத்தான் இருக்கிறோம், இந்த வரியை எழுதும் வரைக்கும். அடுத்த வரிக்கு நான் பொறுப்பில்லை.

போனில் உங்கள் தம்பி பேச்சை எடுத்தாலே உங்களுக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் தையலை ஓரங்கட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். தம்பி முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டு வைக்காமல், தூக்கிய வண்டிக்கு அடியில் போகிறான், ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி. நீங்கள் வாங்கிப் போட்ட இரும்பு ஸ்டாண்டுகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, மேலே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிவிட்டான். கேட்டால், "அண்ணன் வாங்கின எதுவும் எனக்கு வேணாம் அண்ணி" என்கிறான். நம் பட்டறைக்கு வண்டி விட வந்தவர்கள் முன்னால் அவனைப் பார்த்து "உன்னை நம்பி ஒரு சைக்கிளக்கூட விட முடியாது" என்று சொல்லிவிட்டு, நீங்கள் பஸ் டிப்போ வேலைக்கு மூட்டையைக் கட்டினீர்கள். அவன் அந்தக் கோபத்தை ஸ்டாண்டு மேல் காட்டுகிறான். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

இன்னொன்றும் உண்டு. ஜாக்கி ஆயில் தீர்ந்துவிட்டதென்று சின்ன ஜாக்கியில் பிரேக் ஆயிலை ஊற்றினான். அது உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுத்துவிடும் என்று நீங்கள் வாய் ஓயாமல் சொன்னதாயிற்றே என்றேன். "எல்லாம் எண்ணெய்தான் அண்ணி, தாளிக்கவா போறோம்" என்றான். நேற்று அவன் சாப்பிடப் போன நேரம், தூக்கி நிறுத்தியிருந்த வேனின் பம்பர் உயரத்துக்குச் சுவரில் என் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அவன் கை கழுவி வருவதற்குள் பம்பர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. காட்டினேன். கோடு கோணல் என்றான். தையல்காரியிடமே சொல்கிறான், பாருங்கள்.

அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறையில் இரும்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், கேட்காவிட்டாலும் போகிறேன். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

உங்களையும் சும்மா விடுவதாக இல்லை. நீங்கள் கடைசியாக லாரிக்குப் போட்ட பெரிய ஜாக்கி, பாதி நீட்டிய கழுத்தோடு மூலையில் அப்படியே நிற்கிறது. வேலை முடிந்தால் வண்டியைத் தூக்கும் அந்தத் தண்டை முழுக்க இறக்கித் துடைத்து வைக்கணும், வெளியே நீட்டி வைத்தால் துரு ஏறும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள், அன்று கோபத்தில் இறக்காமலே போனீர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவனுக்குப் போன் போட்டு, "ஸ்டாண்டு வச்சு வேலை பாருடா" என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் வந்தால் கேட்பான்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கும்
உங்கள் மனைவி


அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி முழுசாக இருக்கிறான். இனி நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் பதில் வந்தது. ஜாக்கியை மழை படாமல் எங்கே வைப்பது, படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பது, உள்ளே சேர்ந்த காற்றை எப்படி வெளியேற்றுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். எல்லாம் எனக்கு. அவனுக்கென்று ஒரு வரி இல்லை. பட்டறை வாசலில் நின்று சத்தமாகப் படித்துப் பார்த்தேன். "கடுதாசி உங்களுக்குத்தான அண்ணி" என்று சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் போய்விட்டான்.

நானும் விடவில்லை. டீ கொண்டு போகும்போதெல்லாம் ஒரு ஸ்டாண்டையும் தூக்கிப் போய் வண்டிக்கு அடியில் வைப்பேன். அவன் எடுத்துப் போடுவான். மறுபடி வைப்பேன். முந்தாநாள் அவன் அடியில் படுத்துக்கொண்டு கழலாத ஒரு போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் நான் குனிந்து ஸ்டாண்டை வேனின் அடிச்சட்டத்துக்கு நேராகத் தள்ளி, முட்டும் வரை உயர்த்திவிட்டு, டீயைத் தரையில் வைத்துத் திரும்பினேன்.

வாசலைத் தாண்டவில்லை. ஜாக்கி புஸ்ஸென்று உட்கார்ந்தது. வேன் ஒரு குலுக்குக் குலுங்கி ஸ்டாண்டின் மேல் நின்றது. வெளியே நீட்டியிருந்த அவன் கால்கள் அசையவில்லை. பிறகு ஒரு கால் அசைந்தது. ஊர்ந்து வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, சுவரில் நான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டீயை எடுத்துக் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது. ஸ்டாண்டை எப்போது வைத்தீர்கள் என்று கேட்டான். நீ போல்ட்டைத் திட்டும்போது என்றேன். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றான். சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ரகசியம் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று அவனாகவே பெயிண்ட் டப்பாக்களை இறக்கி ஸ்டாண்டுகளை வெளியே எடுத்தான். சின்ன ஜாக்கியைப் பிரித்தான். உள்ளே ரப்பர் ஊறவைத்த கடலை போல உப்பிக் கிடந்தது. அந்த ஜாக்கியை இனி யாரும் எடுக்கக்கூடாதென்று தனியே ஒதுக்கினான். மற்றவற்றைத் துடைத்து, தண்டை இறக்கி, பலகை மேல் வரிசையாக நிறுத்தினான்.

பெரிய ஜாக்கியை மட்டும் தொடவில்லை. நான் இறக்கப் போனபோது குறுக்கே வந்து நின்றான். "அது அண்ணன் விட்டுட்டுப் போனது. அவரே வந்து இறக்கட்டும்" என்றான். போன வாரம் சொல்லியிருந்தால் வீம்பு என்று திட்டியிருப்பேன். நேற்று அவன் அதைத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நான் பார்க்காத நேரத்தில் அதன் தண்டில் எண்ணெய் தடவுகிறான். தடவியும் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு விழுந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். லீவு கேளுங்கள். அந்த லாரி எப்போதோ போய்விட்டது. தண்டுதான் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வந்து இறக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி