யோகனுக்குச் சொல்லாத பாதி

இன்று காலை ஒரு ரேடியோவுக்குள் அறுந்து கிடந்த வயரை ஒட்டுவதற்குச் சோல்டரிங் அயனைச் சூடாக்கினேன். ஈயம் ஒட்டப் பூசும் பசை தீர்ந்துபோயிருந்தது. மேசை லாச்சியைக் கிளறியபோது நீ உடைத்துத் தந்த ரோசின் துண்டு அகப்பட்டது. அயனின் நுனியை அதில் வைத்ததும் புகை எழும்பி, வீடு முழுக்க உன் வயலின் பெட்டியின் மணம் பரவியது. வில்லில் தேய்ப்பதும் ஈயம் பிடிக்கப் பூசுவதும் ஒரே மரப்பிசின்தான் என்று கண்டுபிடித்தவள் நீ. "கடைக்குப் போகத் தேவல்லகா. என்ட வயலின் சாப்பிடுறதையே உன்ட அம்பிளிபயரும் சாப்பிடட்டும்" என்றாய்.

எனக்கு அழுகை வரவில்லை. யோகனின் முகம்தான் வந்தது. அவனுக்கு என்ன நடந்தது என்பதை உனக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

பாடகர் குழுவுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுக்க நீ அம்மாவிடம் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? நான் வழக்கம்போல ஆளைக் கண்டதும் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் சொல் வராது, வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புகளுக்குப் பயந்து வீட்டோடு இருந்து, பழுதான ரேடியோக்களைத் திறந்துகொண்டிருந்தேன். நீ அம்மாவிடம் கேட்காமலே திரையை இழுத்தாய். புகையைப் பார்த்துவிட்டு, "இஞ்ச ஒளிச்சிருந்து என்னகா செய்யிற? சாராயம் காச்சுறியா?" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அறிமுகம் இல்லாத ஒருவர் முன் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

அதன்பிறகு டவுனிலிருந்து நாவற்குடாவுக்கு, வயலின் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, சைக்கிளில் வந்துபோனாய். நான் செய்த முதல் அம்பிளிபயரில் உன் வயலினை இணைத்து வாசித்தாய். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. நீ முகத்தைச் சுழித்தாய். "மெதுவா வாசிக்கக்குள்ள வயலினுக்குள்ள மண் கிடக்கு. பலமா வாசிச்சா மண்ணைக் காணல்ல. என்ன விளையாட்டு இது?"

அந்த மண்ணைத் தேடித்தான் நாம் அவ்வளவு காலம் செலவழித்தோம். போனில் இங்கிலீசில் கிடந்ததை நீ வாசித்துச் சொல்வாய். நான் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அம்பிளிபயரின் கடைசியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். ஒன்று விட்டு மற்றது பிடிக்கும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. சத்தம் அங்கேதான் முறிகிறது. பெரிய சத்தத்தில் அந்த முறிவு அமுங்கிப்போகும்; சின்னச் சத்தத்தில் அதுவே முன்னால் வந்து நிற்கும். இதை வாசித்து முடித்ததும் நீ வில்லை எடுத்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினாய். "பார், வில்லு திரும்புற இடத்தில கை நிண்டா சத்தம் அறும். அதனால கை திரும்ப முந்தியே மணிக்கட்டு திரும்பிரும். உன்ட டிரான்சிஸ்டருக்கும் ஒரு மணிக்கட்டு வையன்."

வைத்தோம். சத்தம் இல்லாத நேரத்திலும் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குள்ளும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு சின்னத் திருகைத் திருப்பினோம். இடைவெளி மூடியது. ஆனால் அப்படி ஓட விட்டால் பெட்டி சும்மா இருக்கும்போதும் சூடாகும். சூடானால் டிரான்சிஸ்டர் இன்னும் கூடுதலாக மின்சாரத்தை விடும், அதனால் மேலும் சூடாகும், கடைசியில் எரிந்துபோகும். அதைக் காவல் காக்க மூன்றாவதாக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வேண்டும். அது சூட்டைத் தொட்டுக்கொண்டே இருந்து, சூடு கூடக்கூட மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் பறங்கியர் குடும்பத்துப் பட்டறையில் உன் டடி, அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களையும் பூட்டியிருந்த அலுமினியக் கட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டுத் தந்தார். காவல்காரனை அதற்குள் வைத்து இறுக்கினோம். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

சத்தம் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சோடி ஒரே குணமாக இருக்க வேண்டும் என்று, கடையில் வாங்கி வந்த டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து ஒத்துப்போன இரண்டைப் பொறுக்கினோம். ஒன்றின் சூடு மற்றதுக்கும் போகட்டும் என்று முகத்தோடு முகம் வைத்துச் செப்புக் கம்பியால் கட்டினேன். "கலியாணம் முடிஞ்சுது" என்று நீ கை தட்டினாய். இரைச்சல் குறைய மின்சார வயர்களை முறுக்கச் சொன்னேன். நீ முறுக்கவில்லை, தலை பின்னுவதுபோல் பின்னி, நுனியில் ஒரு சிவப்பு நூலும் கட்டிவிட்டாய்.

பிறகு நீ கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடுவதுபோல மெதுவாக வாசித்தாய். வாசித்து முடித்தும் வில்லை இறக்கவில்லை. "மண் இல்ல" என்றாய். உன் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

உங்கள் தேவாலயத் திருவிழாவில் அந்தப் பெட்டியோடுதான் நீ வாசித்தாய். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் யோகன் ஓடி வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னான். நீ பெருமையோடு காட்டினாய். அவன் போனில் படம் எடுத்தான், எல்லாம் மேலிருந்து. அடுத்த கொண்டாட்டத்திலேயே அவனுடைய புதுப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் அவன் பெயர். நீ போய் ஒன்றின் மூடியைத் தூக்கினாய். உன் பின்னல் அப்படியே இருந்தது. சிவப்பு நூல்கூட இருந்தது. என்னத்துக்கு என்று தெரியாமலே அதையும் பார்த்துக் கட்டியிருக்கிறான்.

"இது நாங்க செய்தது" என்று நீ எல்லாருக்கும் கேட்கக் கத்தினாய். அவன் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தான். "பறங்கிப் பொடிச்சியும் ஊமைப் பொடிச்சியும் செய்த அம்ப்பாம் டோய். இதுகளுக்கு பியூஸ் மாத்தத் தெரியுமா எண்டு கேளுங்க." எல்லாரும் சிரித்தார்கள். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நீ நடுங்கியது அங்கே நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நீ சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "விடுகா. நான் மன்னிச்சிட்டன். நல்ல சத்தம் நாலு ஊருக்குப் போகட்டும்." எனக்கு உன்மேல்கூடக் கோபம் வந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீட்டுக்கு வரவில்லை.

உன் அடக்கப் பூசையில் உன் டடி, நீ வாசித்ததைப் பதிந்து வைத்திருந்த போனை யோகனிடம் கொடுத்தார். ஒலிபெருக்கி அவனுடையதுதானே. தேவாலயம் அமைதியாக இருந்தது. நீ மெதுவாகத் தொடங்கும் இடம் வந்தது. மண். உன் வயலின் முழுக்க மண். உன் சவப்பெட்டிக்கு முன்னால், உன்னுடைய வாசிப்பில், நீ வெறுத்த அதே கரகரப்பு. மற்றவர்கள் அழுதார்கள், அவர்களுக்கு அது கேட்கவில்லை. நான் சுவரோரம் போய், வாங்கின் கீழ் வைத்திருந்த அவன் பெட்டியின் அலுமினியத்தில் கை வைத்தேன். பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. அப்போதே விளங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர்கள் எல்லாரும் கை வைத்துப் பார்த்துத்தான் பெட்டியை மதிப்பார்கள். குளிர்ந்தால் நல்லது, சூடானால் பழுது. அவன் திருகைக் கடைசிவரை குறைத்து, மணிக்கட்டை முறித்து வைத்திருந்தான்.

சில மாதங்களின் பின் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு பெட்டியையும் தூக்கி வந்திருந்தான். செட்டிபாளையத்தில் கோயில் திருவிழா, பகல் முழுக்கப் பண்ணிசை, மெதுவான இடங்களில் சத்தம் கரகரக்கிறது என்று கோயில்காரர்கள் குறை சொல்கிறார்களாம்.

"தங்கச்சி, ஒருக்காப் பாரன். நீயும் இதுகளைக் கிண்டுறவள்தானே" என்றான்.

நான் மூடியைக் கழற்றினேன். உன் பின்னலைப் பார்த்தேன். காவல்கார டிரான்சிஸ்டர் அலுமினியத்தைத் தொடாமல், பலகையின் நடுவில், காற்றில் நின்றது. படத்தில் தெரியாததை அவன் எப்படிச் செய்வான்?

உள்ளதையெல்லாம் திரட்டி நான் ஒரு கேள்வி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் கேட்டேன். "இது ஆர் செய்த அம்ப்?"

அவன் உன் பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பேன். சத்தியமாக.

"என்ன கேள்வி புள்ள இது? என்ட டிசைன்தான். நீங்க ரெண்டு பேரும் ஏதோ கூடமாட நிண்ட நீங்கதானே" என்றான்.

நான் திருகைக் காட்டினேன். "குளிரா வச்சிருக்கிறீங்க. கொஞ்சம் சூடாகோணும். இதைக் கூட்டுங்க." அவன் கூட்டினான். போனில் ஒரு பாட்டை மெதுவாகப் போட்டுப் பார்த்தான். மண் போய்விட்டது. குழந்தைப்பிள்ளைபோலச் சிரித்தான். "அப்ப எல்லாத்தையும் இப்பிடிக் கூட்டிவிடுறன். வேற ஏதும் செய்யோணுமா?"

நான் தலை குனிந்தேன்.

"இந்தப் புள்ளைக்கு இன்னும் வெக்கம் போகல்ல" என்றான்.

"அவள் அப்பிடித்தான் தம்பி, வாய் திறக்க மாட்டாள்" என்றார் அம்மா, தையல் மெசினிலிருந்து நிமிராமல்.

திருவிழாவன்று வெயில் அனலாக அடித்ததாம். மத்தியானம் முதல் பெட்டி புகைந்தது. அதன் சுமையையும் மற்றவற்றில் ஏற்றினான். அவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. டிரான்சிஸ்டர் போனதும் மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து, அவனுடைய ஸ்பீக்கர்களும் கருகின. ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதையும் விசாரித்துவிட்டேன். "உன்ட டிசைன் நல்லாப் புகை விடுதுடா யோகன், சாம்பிராணி மிச்சம்" என்று கோயில்காரர் ஒருவர் சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்ததாம். சட்டை தைக்க வந்த பெண் சொன்னாள். நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். இரண்டாவது தடவையும் சொல்லமாட்டாளா என்று இருந்தது.

நீ என்னைக் கடிந்துகொள்வாய், தெரியும். அவனை மன்னித்தாயிற்றே என்பாய். நீ மன்னித்தது உன்னிடமிருந்து அவன் திருடியதை. அது உன்னுடைய பொருள், உன்னுடைய மன்னிப்பு. உன் அடக்கத்தில் கேட்ட அந்தச் சத்தம் உன் காதில் விழவில்லை. என் காதில்தான் விழுந்தது. அதற்கு மன்னிப்பு உண்டா இல்லையா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். இல்லை.

நேற்று அவன் ஆள் அனுப்பியிருந்தான். எங்கே பிழை விட்டேன் என்று தங்கச்சியைக் கேட்டு வரச் சொன்னானாம். காவல்காரனை அலுமினியத்தோடு சேர்த்து இறுக்கு. அவ்வளவுதான், ஒரு சின்ன வசனம். அவன் மைக்கைப் பிடித்து, அந்தத் தேவாலய முற்றத்தில், உன் பெயரைச் சொல்லட்டும். அதே நிமிடம் நானும் வாய் திறப்பேன். அதுவரை அந்த வசனம் என் நாக்கின் கீழே கிடக்கட்டும். எனக்கு அது பாரமாக இல்லை.