காலியாக வந்த பால் கேன்

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று நாங்கள் லீக் மாறிவிட்டோம். அப்போது நான் வாலிபால் பெண்கள் மெரிட் கல்லூரிக்குப் போய்வர வேன் பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அலுவலகம் முழுக்கக் கைதட்டல். விளையாட்டுத் துறைத் தலைவர் ஹால்வர்சன் சிவப்பு டை கட்டிக்கொண்டு மேசைமேல் ஏறாத குறையாக நிற்கிறார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் டால்டன் பல்கலைக்கழகம் கிழக்குக் கரையின் பெரிய லீக்கில் ஆடும். எதிராளிகள் மேரிலாண்டில், நியூஜெர்சியில். எங்களைச் சுற்றி இருப்பதோ கோதுமை, அதைத் தாண்டினால் இன்னும் கோதுமை.

ஃபுட்பால் (நீளப்பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் எங்கள் ஊர் ஃபுட்பால்) தவிர மற்ற எல்லாக் குழுக்களுக்கும் பஸ், அறை, சாப்பாடு ஏற்பாடு செய்வது என் வேலை. கைதட்டல் அடங்கியதும் கேட்டேன்: "வாலிபால் பொண்ணுங்க மேரிலாண்டுக்கு எதுல போவாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

வெண்டல் இன்னும் போன் செய்யவில்லை. என் தம்பி. அறுபது மைல் தள்ளி மெரிட் கல்லூரியில் மைதானப் பொறுப்பாளன். செய்தி எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஊர்வம்பில் அவன் என்றைக்கும் எனக்கு ஒரு படி மேல்.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்கு சோறு இறங்காது. லீக் மாறினால் டிவி பணம் கொட்டுமாம்; இதற்கெல்லாம் டிவிக்காரன் ஏன் பணம் கொடுக்கிறான்? இன்று ஹால்வர்சனைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். "நியூஜெர்சில யார் சார் நம்மள உக்காந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க வேண்டாம் லெனோர். நம்ம மாநிலத்துல எத்தனை வீட்ல டிவி இருக்குன்னுதான் கணக்கு. சேனலுக்கு மாசாமாசம் ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் காசு போகும். பாத்தாலும் போகும், பாக்காட்டியும் போகும்."

பக்கத்து வீட்டு மிஸஸ் டக்வொர்த் சமையல் சேனலைத் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை. பந்து உருண்டையா நீளமா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவரும் எங்கள் குவார்ட்டர்பேக்குக்கு, அந்தப் பந்தை எறியும் பையனுக்கு, ஹெல்மெட் வாங்கித் தருகிறார். சொல்லலாமா? வேண்டாம், நல்ல மனுஷி.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வெண்டல் வந்தான். வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டான்.

"பெரிய இடத்து ஆளுங்க வீட்டுக்குள்ள செருப்போட வரலாமா அக்கா?"

"வாடா உள்ள. காபி ஆறுது."

பாதிக் காபி வரை கிண்டல்தான். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான், "சரி, பால் கேன் என்ன ஆகும்?"

அதுவரை அதை நான் யோசிக்கவேயில்லை. டால்டனுக்கும் மெரிட்டுக்கும் ஃபுட்பால் ஆட்டம், எப்போதும் மெரிட் மைதானத்தில், எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்து நடக்கிறது. பரிசு ஒரு பழைய பால் கேன், பாதி எங்கள் சிவப்பு, பாதி அவர்கள் பச்சை, உடம்பெல்லாம் நசுங்கல். தோற்ற ஊர் மறுநாள் காலை அதில் பால் நிரப்பி, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ரஸ்க் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜெயித்த ஊர் பான்கேக் சுட்டுப் போடும். தோற்றவர்கள் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும், கருகியிருந்தாலும். அப்புறம் கேன் ஜெயித்தவர்களோடு போகும். நானும் வெண்டலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அடுப்புக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றிருக்கிறோம்.

"ஆட்டம் நடக்கும்டா. லீக் வேற, இது வேற," என்றேன்.

"எழுதிக் குடு," என்றான்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஆட்டம் நடக்காது. புதிய லீக் ஆட்டங்களுக்கே நாள் போதவில்லையாம். வரும் நவம்பர்தான் கடைசி. செய்தித்தாளில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வெண்டலுக்கு நான் போன் செய்யவில்லை. என்னவென்று சொல்வேன்?

நவம்பர் 25, சனி

ஜெயித்துவிட்டோம். மெரிட் மைதானத்திலேயே, கடைசி நிமிஷத்தில். எங்கள் பேண்ட் வாத்தியப் பசங்கள் நாலு பஸ்ஸும் அதிரப் பாடிக்கொண்டு திரும்பினார்கள். நானும் பாடினேன், பொய் சொல்வானேன். வெண்டல் புல்தரை ஓரத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். கை ஆட்டினேன். பார்த்தானா என்று தெரியவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

மாவு கரைத்து, கல் காயவைத்து, தட்டெல்லாம் அடுக்கிவைத்துக் காத்திருந்தோம். மெரிட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ரஸ்க் தீயணைப்புக்காரர் ஒருவர்தான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கேன் வாசல்ல இருக்கும்மா."

விடியுமுன் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன். ஒரு சொட்டுப் பால் இல்லை.

அவன்தான். வேற யாரு வைப்பா? கோவம்னா நேர்ல வந்து ரெண்டு திட்டு திட்ட வேண்டியதுதானே. நானா லீக் மாத்தினேன்? நான் பஸ் புக் பண்றவடா. சுட்ட பான்கேக்கை எல்லாம் தீயணைப்புக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியில் வரும்வழியெல்லாம் பின்சீட்டில் அந்தக் காலி கேன் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. அழுதேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கேனைத் துறையின் புதிய முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கீழே விளக்கு. நன்கொடையாளர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இனி இது எப்பவும் நம்மளுதுதான்," என்றார் ஹால்வர்சன்.

எப்போதும் நம்முடையது என்றால் அது இன்னும் பரிசுதானா? ஆட்டம் நின்றுபோனால் கேன் யாருக்கு என்று எங்காவது விதி இருக்குமே என்று ரெண்டு ஊரிலும் விசாரித்துப் பார்த்தேன். கிடையாது. நின்றுபோகும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை போலிருக்கிறது.

மே 14, செவ்வாய்

வேலை தலைக்குமேல். சாஃப்ட்பால் குழு ஒரு விமான நிலையத்தில், அவர்கள் பெட்டிகள் வேறொரு விமான நிலையத்தில். நடுவில் பஸ் கம்பெனி ஆர்லோ வேறு. "நவம்பர் கடைசிக்கு வழக்கம்போலத்தானே மேடம்?" என்றார். "ஆமா ஆமா, வழக்கம்போல," என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பெரிய லீக் ஆரம்பமாகிவிட்டது. நான் கண்டுபிடித்தது இது: பணம் வருவது ஃபுட்பாலுக்காக, அலைவது மற்றவர்கள். ஃபுட்பால் பையன்கள் தனி விமானத்தில் சீசனுக்கு நாலைந்து தடவை கிழக்கே போவார்கள், அவ்வளவுதான். வாலிபால் பெண்கள் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேர வித்தியாசத்தைத் தாண்டிப் போய், விடிய விடியத் திரும்பி வந்து, காலையில் வேதியியல் பரீட்சை எழுதுகிறார்கள். ஒருத்தி நேற்று என் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். போர்வை போர்த்திவிட்டேன்.

சரி, பணமாவது வருகிறதா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வருஷம் பாதிப் பங்குதானாம். அந்தப் பாதியும் ஃபுட்பால் உடைமாற்றும் அறையில் அருவியாகக் கொட்டுகிறது. நிஜ அருவி. போய்ப் பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் விழுகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

ஆர்லோ கேட்ட "நவம்பர் கடைசி" மெரிட் ஆட்டத்துக்கான பேண்ட் பஸ்! அந்த நாலு பஸ்ஸை ஒவ்வொரு வருஷமும் யாரும் புக் செய்வதே கிடையாது. அவர் கேட்பார், நான் ஆமாம் போடுவேன். இந்த வருஷமும் போட்டுவிட்டேன். ஆட்டமே இல்லாத ஊருக்கு நாலு பஸ்.

"ரத்து பண்ணலாமா ஆர்லோ?"

"அந்த வாரம் வந்த கல்யாணத்தையெல்லாம் உங்களுக்காகத் திருப்பி அனுப்பிட்டேனே மேடம்."

அன்றைக்கு ஃபுட்பால் மேரிலாண்டில். பேண்டுக்கு விமானத்தில் இடம் இல்லை, அதனால் அவர்கள் சும்மாதான் இருப்பார்கள். ஹால்வர்சனிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மரிசோல் புயலாக வந்தாள். "அக்கா, அந்த முப்பதாம் தேதி ஆடறோம்னு சொன்ன டீம் கடைசி நேரத்துல காலை வாரிட்டாங்க. வேற டீம் எதாவது கிடைக்குமா? எங்கன்னாலும் போறேன்."

எங்க வேண்டுமானாலும் போவாளாம். என்னிடம் நாலு பஸ் இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

வெண்டலுக்குப் போன் செய்தேன். அந்தக் காலி கேனுக்குப் பிறகு நாங்கள் பேசியது கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும்தான், அதுவும் வானிலை பற்றி.

"உங்க பெண்கள் கூடைப்பந்து டீமுக்கு நவம்பர் முப்பது சும்மாதானே?"

"நாங்க சின்ன லீக் அக்கா. எங்ககூட ஆடினா உங்க பேரு கெட்டுப் போகாதா?"

"கேனுக்காக ஆடலாம்."

"கண்ணாடிப் பெட்டியைத் திறப்பாங்களா?"

"அது என் பாடு. உங்க கோச்கிட்ட கேளு."

"கேக்கறேன்," என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. "அந்தக் கேனைக் காலியா வச்சது நான்தான்," என்றான்.

"தெரியும்டா."

அக்டோபர் 17, வியாழன்

ஹால்வர்சனிடம் போனேன். பஸ் கதையைக் கேட்டு முகம் சுளித்தார். கேனைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "அது ஃபுட்பால் பரிசு லெனோர். கூடைப்பந்துக்குக் குடுக்கலாம்னு எந்த விதியும் இல்லை."

"குடுக்கக் கூடாதுன்னும் இல்லை சார். நான் எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன்."

யோசித்தார். நாங்கள் பெரிய லீக், அவர்கள் மெரிட். "தோக்கவா போறோம்?" என்று தானே சொல்லிக்கொண்டார். பிறகு பெட்டிச் சாவியைக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் கேனோடு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். வெண்டல் வரவில்லை. சாப்பாட்டை முடித்த பிறகு ஒரு செய்தி அனுப்பினான்: ஜிம்மில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன், இடம் போதவில்லை.

நவம்பர் 30, சனி

மெரிட் ஜிம் சின்னது, கூரை தாழ்வு. எங்கள் பேண்டின் நாலு பஸ் ஆட்களும் உள்ளே நுழைந்து வாசிக்க ஆரம்பித்ததும் பெஞ்சு அதிர்ந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள் படியில், ஜன்னல் ஓரத்தில், எங்கள் டிரம்காரன் மடியில்கூட ஒருத்தர். ஃபுட்பாலுக்கு வரும் அதே முகங்கள்தான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், "இதுல கோல் எது?"

கேன் நடுமேசையில். வெண்டல் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அப்புறம் ஆளைக் காணோம்.

எங்கள் பெண்கள் உயரம். ஆனால் புதன்கிழமைதான் கிழக்கிலிருந்து வந்து இறங்கியவர்கள். இடைவேளைக்குப் பிறகு கால் எழும்பவில்லை, பார்க்கவே தெரிந்தது. மெரிட்டில் ஒரு குட்டிப்பெண், பெயர் டோவா. எங்கள் உயரத்துக்கு நடுவே புகுந்து புகுந்து போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எங்களுக்கு ஒரு பந்து மிச்சம், ஒரு புள்ளி பின்தங்கல். ஓரத்தில் நின்ற மரிசோல் கை உயர்த்தினாள், எங்கள் பெண் எறிந்த பந்து வளையத்தில் பட்டுச் சுற்றி வெளியே விழுந்தது.

தோற்றுவிட்டோம். எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். மரிசோலைப் பார்த்து வந்தது, அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நாளைக் காலை ரஸ்க்கில் பால் கொண்டுபோக வேண்டியது நான்.

ஹால்வர்சன் மேரிலாண்டிலிருந்து கூப்பிட்டார். அங்கேயும் தோல்வியாம். "லெனோர், கேன் எங்க?"

"என்கிட்டதான் சார். பால் வாங்கப் போயிட்டிருக்கேன்."

டிசம்பர் 1, ஞாயிறு

நிறைந்த கேன் என்ன கனம்! இத்தனை வருஷம் எவ்வளவோ தடவை தோற்றிருக்கிறோம், தூக்கியவர்களிடம் நான் கேட்டதே இல்லை. பேண்டிலிருந்து ரெண்டு டிரம்காரர்கள் ஆளுக்கொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஆர்லோவே ஒரு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், பான்கேக் வாசனைக்கு.

வெண்டல் பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு கல்லின்முன் நின்றான். கேன் மேசைக்கு வந்ததும் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒரு குவளை மொண்டு எனக்குக் கொடுத்தான்.

"இந்த வருஷத்தோட எங்க காலேஜ்ல பெண்கள் கூடைப்பந்தையே நிறுத்தறதா இருந்தாங்க அக்கா. நேத்து ராத்திரி நிரம்பி வழிஞ்ச ஜிம்மைப் பாத்துட்டு, காலேஜ் பிரசிடென்ட் இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாரு."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேணும்னே தோத்துடுவ."

"நானா ஆடினேன்?"

"யாரு கண்டா," என்றான். சிரித்துவிட்டான். அவன் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

என் தட்டில் விழுந்த பான்கேக்கின் அடிப்பக்கம் கரி. எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஆர்லோ தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கூடைப்பந்துன்னா மாறி மாறித்தானே, அடுத்த நவம்பர் அவங்கதானே நம்ம ஊருக்கு வரணும்? அப்ப பஸ் மெரிட்லேர்ந்து. மத்தபடி வழக்கம்போலத்தானே மேடம்?"

வாய் நிறையக் கரி. இந்தத் தடவை கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினேன்.